காலியாக விட்ட கட்டம்

விமரிசனம் என்றால் நாவல், சிறுகதை, கவிதை என்று மூன்றை எடுத்து வைத்துக்கொண்டு பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆனால் தமிழ்நாட்டில் தினந்தோறும் எழுதப்படுகிற உரைநடையில் பெரும்பகுதி இந்த மூன்றிலும் சேராது. அது சர்க்கார் எழுதுகிற உரைநடை. முதல் தகவல் அறிக்கை, மகஜர், பிரேதப் பரிசோதனைச் சான்றிதழ், சட்டசபையில் கேட்ட கேள்விக்கு மந்திரி தரும் பதில் என்று எத்தனையோ வகை உண்டு. இவற்றை யாரும் விமரிசனத்துக்கு எடுத்துக்கொள்வதில்லை. சிலர் படித்து நம்பிவிடுகிறார்கள். பலர் படிக்காமலே நம்ப மறுக்கிறார்கள். இந்த உரைநடையில் ஒரு வகையை மட்டும், ஒரு கதாசிரியன் இன்னொரு கதாசிரியனைப் படிக்கிற மாதிரி, கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பார்க்கலாம் என்று உத்தேசம். போலீஸ் காவலிலோ சிறையிலோ ஒருவர் இறந்துபோனால் அதைப்பற்றிச் சர்க்கார் எழுதி வைக்கிற குறிப்பைத்தான் சொல்கிறேன்.

பத்திரிகை படிக்கிற வாசகர்களுக்கு இந்த வகையின் வாக்கியங்கள் மனப்பாடமாகவே இருக்கும். நெஞ்சு வலிப்பதாகத் திடீரென்று கூறினார். தப்பியோட முயன்றபோது கீழே விழுந்தார். வலிப்பு வந்து துடித்தார். கழிப்பறையில் வழுக்கி விழுந்தார். ஐந்தாறு வாக்கியங்களுக்குள் எல்லா மரணமும் அடங்கிவிடுகிறது. கதை எழுதுகிறவன் ஒரு தற்செயலைக் கதையில் வைத்தால் வாசகன் பெரிய மனசு பண்ணி ஒப்புக்கொள்வான். அதே தற்செயலை எல்லாக் கதையிலும் வைத்தால் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவான். சர்க்கார் எழுதுகிற கதைக்கு அந்தப் பயம் இல்லை.

2020ஆம் வருஷம் ஜூன் 19ஆம் தேதி சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தகப்பனையும் மகனையும், ஊரடங்கு நேரத்தை மீறிக் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று போலீசார் பிடித்துப் போனார்கள். நான்கு நாட்களுக்குள் இருவரும் இறந்தார்கள். அந்த வழக்கின் முதல் தகவல் அறிக்கையில் அவர்கள் உடம்பிலிருந்த காயத்துக்குச் சொன்ன காரணம், இருவரும் தரையில் உட்கார்ந்து திட்டியபடி உருண்டு புரண்டார்கள், அதில் ஊமைக்காயம் பட்டது என்பது.

இலக்கண ஆசிரியர் ஒருவரிடம் இந்த வாக்கியத்தைக் கொடுத்தால் அவர் முதலில் கவனிப்பது வினையைத்தான். உருண்டார்கள், புரண்டார்கள், விழுந்தார், துடித்தார், தூக்கு மாட்டிக்கொண்டார், விஷம் குடித்தார். எல்லாம் தன்வினை. உருட்டினார், தள்ளினார், அடித்தார் என்று பிறர்மேல் செல்கிற வினை ஒன்றுகூட இந்த வகை உரைநடைக்குள் நுழைவதில்லை. ஸ்டேஷனில் பத்துப் பேர் இருக்கிறார்கள். ஆனால் வினை செய்கிற ஆள் கைதி ஒருவன்தான். காவல் என்ற சொல்லுக்கே அர்த்தம் நேர்மாறானது. உட்காருவதும் எழுந்திருப்பதும், தண்ணீர் குடிப்பதும் வெளிக்குப் போவதும் தன் இஷ்டப்படி செய்ய முடியாத நிலைக்குத்தான் காவல் என்று பெயர். அப்படிப்பட்ட இடத்தில் சாகிற காரியத்தை மட்டும் ஒருவன் தன் முயற்சியால் செய்து முடித்தான் என்று எழுதுகிறபோது, எழுதுகிறவனுக்கே கை கூசவேண்டும்.

இந்த இடத்தில் நியாயமான வாசகர் ஒருவர் குறுக்கிடுவார். காவலில் இருக்கிறவனுக்கு மாரடைப்பே வராதா? குடியை ஒரே நாளில் நிறுத்தியதால் நடுக்கம் கண்டு சாகிறவர்கள் இல்லையா? அவமானம் தாங்காமல் உயிரை விடுகிறவர்கள் இல்லையா? வாஸ்தவம்தான். எல்லாம் உண்டு. அதனால்தான் நான் இந்த உரைநடையைக் குறை சொல்கிறேன். உண்மையாகவே நெஞ்சு வலித்துச் செத்தவனுக்கும் அடிபட்டுச் செத்தவனுக்கும் ஒரே வாக்கியத்தை எழுதி எழுதி, அந்த வாக்கியத்துக்கு இப்போது அர்த்தமே இல்லாமல் போய்விட்டது. கைதியை உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய நல்ல சப்-இன்ஸ்பெக்டரும் அதே ஐந்தாறு வாக்கியங்களில் ஒன்றைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஜனங்கள் நம்புவதில்லை. பொய் சொன்னவன் நல்லவனுடைய உண்மையையும் சேர்த்துச் செலவழித்துவிட்டான்.

இந்தக் குறிப்புகள் எப்படி எழுதப்படுகின்றன, எங்கே போய்ச் சேருகின்றன என்று பார்க்கலாம். தேசிய மனித உரிமைகள் ஆணையம் 1993 அக்டோபரில் ஏற்பட்டது. இரண்டே மாதத்தில், டிசம்பர் 14ஆம் தேதி, அது எல்லா மாநிலங்களுக்கும் ஒரு கடிதம் எழுதிற்று. காவலில் மரணம் நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் கலெக்டரும் போலீஸ் சூப்பிரண்டும் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கத் தவறினால் மறைக்கப் பார்த்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும் என்பது கடிதத்தின் சாரம். 1995இல் பிரேதப் பரிசோதனையை வீடியோ எடுக்கச் சொன்னார்கள். 1997இல் பரிசோதனைக்கு ஒரு மாதிரிப் படிவமே தயாரித்து அனுப்பினார்கள். 1996 டிசம்பர் 18ஆம் தேதி டி. கே. பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட் 11 விதிகளை வகுத்தது. கைது செய்தால் குறிப்பு எழுத வேண்டும், சாட்சிக் கையெழுத்து வேண்டும், உறவினருக்குச் சொல்ல வேண்டும், 48 மணிக்கு ஒரு தரம் டாக்டர் பார்க்க வேண்டும் என்றெல்லாம். அந்த வழக்கு ஆரம்பித்த விதம் நம்மைப் போன்றவர்களுக்குச் சுவாரசியமானது. மேற்கு வங்காளத்தில் சட்ட உதவிச் சங்கம் நடத்திய பாசு, பத்திரிகைகளில் வந்த லாக்கப் மரணச் செய்திகளைப் படித்துவிட்டு 1986இல் பிரதம நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். கோர்ட் அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது. ஒரு வாசகர் ஒழுங்காகப் படித்ததால் பிறந்த சட்டம் அது. 2005ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி காவல் மரணத்தை நீதித்துறை மாஜிஸ்திரேட்தான் விசாரிக்க வேண்டும். 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 196ஆம் பிரிவாக இருக்கிறது.

இத்தனை ஏற்பாடு இருந்தும் கணக்கு என்ன சொல்கிறது? நான் இருக்கிற பர்கூர் ஜவுளிக்குப் பெயர்போன ஊர். மொத்த வியாபாரம். ஒரு கடைக்காரரிடம் இரண்டு கணக்குப் புஸ்தகம் இருந்து, ஒன்றில் 88 உருப்படி என்றும் மற்றதில் 175 உருப்படி என்றும் எழுதியிருந்தால், வரி ஆபீசிலிருந்து ஆள் வந்துவிடும். நம் மத்திய சர்க்காரிடம் அப்படி இரண்டு புஸ்தகங்கள் இருக்கின்றன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021ஆம் வருஷத்து அட்டவணையில் போலீஸ் காவலில் இறந்தவர்கள் 88 பேர். மனித உரிமை ஆணையத்தில் 2021 ஏப்ரல் முதல் 2022 மார்ச் வரை பதிவான போலீஸ் காவல் மரணங்கள் 175. ஒன்று ஜனவரி வருஷம், இன்னொன்று ஏப்ரல் வருஷம் என்பது சரிதான். மூன்று மாத வித்தியாசத்தில் இரண்டு மடங்கு ஆகிவிடாது. ஒரு புஸ்தகத்தை மாநிலப் போலீஸ் தொகுத்து அனுப்புகிறது. மற்றது ஒவ்வொரு மரணத்துக்கும் வருகிற தகவலை வைத்து எழுதப்படுகிறது. எந்த மரணம் காவல் மரணம் என்று தீர்மானிக்கிற உரிமை யார் கையில் இருக்கிறதோ அவருடைய புஸ்தகம் மெலிந்துவிடுகிறது. பார்லிமெண்டில் சொன்ன பதிலின்படி 2017 ஏப்ரல் முதல் ஐந்து வருஷத்தில் ஆணையத்தின் புஸ்தகத்தில் ஏறிய போலீஸ் காவல் மரணங்கள் 669. அதில் தமிழ்நாட்டின் பங்கு 40. சிறை மரணங்கள் தனி. அவை இதைப்போலப் பல மடங்கு.

கணக்குச் சரியில்லை என்றதும் எல்லாருக்கும் தோன்றுகிற யோசனை ஒன்றுதான். பணம் கொடு, ஒழுங்காக எழுதினால் மானியம், எழுதாவிட்டால் வெட்டு. இந்த யோசனையை அமெரிக்காவில் செய்தே பார்த்திருக்கிறார்கள். அங்கே 2000ஆம் வருஷம் காவல் மரணங்களைத் தெரிவிக்க ஒரு சட்டம் வந்தது. 2006இல் அது காலாவதியாயிற்று. 2014 டிசம்பரில் மறுபடி கொண்டுவந்தார்கள். மாநிலங்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் இறந்தவர் பெயர், வயசு, இடம், நேரம், இறந்த சூழ்நிலை பற்றிய சிறு விவரம் ஆகியவற்றை அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் மத்திய சர்க்கார் போலீஸ் செலவுக்குத் தரும் மானியத்தில் 10 சதவிகிதம் வரை குறைக்கலாம். படிக்கும்போது வெகு நேர்த்தியாகத்தான் இருக்கிறது.

நடந்தது வேறு. அதுவரை புள்ளிவிவர இலாகா இந்த வேலையைத் தன் ஆட்களை வைத்துச் செய்துவந்தது. பிறகு மானியம் பட்டுவாடா செய்கிற ஆபீசுக்கு வேலையை மாற்றினார்கள். 2022 செப்டம்பரில் அந்த நாட்டுச் செனட் சபையின் துணைக் கமிட்டி ஒன்று கணக்கை எடுத்துப் பார்த்தது. 2021ஆம் நிதி வருஷத்தில் மட்டும் குறைந்தது 990 மரணங்கள் சர்க்கார் புஸ்தகத்தில் ஏறவே இல்லை என்று தெரிந்தது. பத்திரிகையிலும் மாநிலங்களின் சொந்தப் பதிவிலும் பகிரங்கமாகக் கிடைத்த தகவலோடு ஒப்பிட்டதிலேயே இது வெளிவந்தது. வந்து சேர்ந்த பதிவுகளிலும் நூற்றுக்கு 70இல் ஏதாவது ஒரு கட்டம் காலி. நூற்றுக்கு 40இல் காலியாக இருந்த கட்டம் எது தெரியுமா? இறந்த சூழ்நிலை என்ன என்று எழுத வேண்டிய கட்டம். மானியத்தைக் குறைக்கும் அதிகாரம் கையில் இருந்தும் அதுவரை எந்த மாநிலத்துக்கும் ஒரு டாலர்கூடக் குறைக்கப்படவில்லை.

அந்த 40 சதவிகிதத்தைப் படித்தபோது எனக்கு ஒரு கதாசிரியனாகத் தோன்றியதைச் சொல்கிறேன். பெயரை எழுதிவிடுகிறார்கள், வயசை எழுதிவிடுகிறார்கள், தேதியையும் எழுதிவிடுகிறார்கள். என்ன நடந்தது என்ற இடத்தில் மட்டும் பேனா நின்றுவிடுகிறது. நம் ஊர்க்காரன் அந்தக் கட்டத்தைப் பழைய வாக்கியம் ஒன்றால் நிரப்புகிறான். அமெரிக்கக்காரன் சும்மா விட்டுவிடுகிறான். இரண்டில் அமெரிக்கக்காரனிடம் கொஞ்சம் யோக்கியம் இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். காலியான கட்டத்தைப் பார்த்து ஒரு செனட் கமிட்டியாவது கேள்வி கேட்டது. பழைய வாக்கியத்தால் நிரம்பிய கட்டத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பணத்துக்கு எதை வாங்க முடியும் என்பதில் தெளிவு வேண்டும் என்கிறேன். 2020 டிசம்பர் 2ஆம் தேதி பரம்வீர் சிங் சைனி வழக்கில் சுப்ரீம் கோர்ட் எல்லாப் போலீஸ் ஸ்டேஷனிலும், வாசல், வராந்தா, லாக்கப், இன்ஸ்பெக்டர் அறை உள்பட, ஒலியோடு பதிவாகும் காமிரா வைக்க உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால் அதற்கு ஆறு மாதம் முன்பே சாத்தான்குளம் ஸ்டேஷனில் காமிரா இருந்தது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையில் ஒரு விவரம் வருகிறது. பதிவை வைத்துக்கொள்ளத் தட்டில் இடம் தாராளமாக இருந்தது; ஆனால் அன்றன்றைய படம் அன்றன்றே தானாக அழிந்துபோகும்படி பொறி அமைக்கப்பட்டிருந்தது. பொதுப் பணத்தில் கண் வாங்கியிருக்கிறார்கள். தினசரி மறந்துவிடும்படி அந்தக் கண்ணைப் பழக்கியும் இருக்கிறார்கள். அந்த வழக்கில் நடந்ததைச் சொல்ல முன்வந்தவர் அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த தலைமைக் காவலர் ரேவதி. ஐந்து வருஷம் கழித்து, 2025 ஜூன் மாதம், திருப்புவனம் பக்கம் மடப்புரத்துக் கோவில் காவலாளி அஜித்குமார் தனிப்படைப் போலீசாரின் விசாரணையில் இறந்தபோது, வலிப்பு என்ற பழைய வாக்கியம் மறுபடி வந்தது. பிரேதப் பரிசோதனையில் 44 காயங்கள். அடித்ததைக் காட்டிய படம், பார்த்துக்கொண்டிருந்த ஒருவருடைய கைபேசியில் எடுத்தது. இரண்டு இடத்திலும் உண்மையைத் தந்தது மானியத்தில் வாங்கிய பொருள் எதுவும் இல்லை. பயத்தை விழுங்கிக்கொண்ட ஒரு மனிதர்.

இனி நம் இலக்கியத்தின் பக்கம் வரலாம். சர்க்கார் காலியாக விட்ட கட்டத்தைத் தமிழில் எழுதிப் பார்த்தவர்கள் உண்டு. கோயம்புத்தூர் ஆட்டோ டிரைவர் மு. சந்திரகுமார், 1983இல் ஆந்திரத்துக் குண்டூரில் தானும் நண்பர்களும் லாக்கப்பில் பட்டதை 'லாக்கப்' என்ற பெயரில் புத்தகமாக எழுதினார். அதை வைத்து வெற்றிமாறன் 'விசாரணை' படத்தை எடுத்தார். 2016இல் திரைக்கு வந்தது. படத்தின் முதல் பாதி புத்தகம். இரண்டாவது பாதி டைரக்டருடையது. பலர் முதல் பாதியைத்தான் மெச்சுகிறார்கள். எனக்கு இரண்டாவது பாதிதான் முக்கியமாகப் படுகிறது. காவலில் ஓர் ஆடிட்டர் செத்துப்போகிறார். அதை எப்படித் தற்கொலையாக்குவது என்று அதிகாரிகள் கலந்து பேசுகிறார்கள். அடி, உதையைக் காட்டுகிற படங்கள் நிறைய வந்திருக்கின்றன. அந்த ஐந்தாறு வாக்கியங்களில் ஒன்று எப்படித் தயாராகிறது, அதில் யார் யாருக்கு என்ன பங்கு என்று காட்டிய படம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். நான் இந்தக் கட்டுரையில் செய்ய முயல்கிற விமரிசனத்தை அது காட்சியாகவே செய்துவிட்டது.

2021இல் வந்த 'ஜெய் பீம்' 1993ஆம் வருஷத்து நிஜ வழக்கு ஒன்றை வைத்து எடுத்தது. முதனை கிராமத்துக் குறவர் ராஜாக்கண்ணுவைக் கம்மாபுரம் போலீசார் பிடித்துப் போனார்கள். தப்பி ஓடிவிட்டார் என்றார்கள். அவர் மனைவி பார்வதி, வக்கீல் சந்துருவைக் கொண்டு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டார். உடல் கிடைத்த இடம் பக்கத்து மாவட்டத்தைச் சேர்ந்த மீன்சுருட்டி போலீஸ் எல்லை. அங்கே அது பெயர் தெரியாத பிணம். ஓர் எல்லையைத் தாண்டிக் கொண்டுபோய்ப் போட்டதும் ஒரு மனிதன் இரண்டு புஸ்தகத்திலிருந்தும் விழுந்துவிட்டான். ஒன்றில் அவன் ஓடிப்போனவன். மற்றதில் அவன் யாரோ.

இந்த ஆக்கங்களைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. இவற்றில் நம்மை அழவைக்கிறவர்கள் எல்லாரும் நிரபராதிகள். திருடாத ராஜாக்கண்ணு, திருடாத குண்டூர்க் கூலிக்காரர்கள். நிஜத்திலும் அப்படியே இருந்ததால் ஆசிரியர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் தொடர்ந்து இப்படியே படித்துப் பழகிய வாசகன் மனசில் ஒரு தப்பான சூத்திரம் தங்கிவிடுகிறது. நிரபராதி செத்தால்தான் அது அநியாயம். குற்றவாளி செத்தால் கணக்குத் தீர்ந்தது. விசாரணை படத்து ஆடிட்டர் கறுப்புப் பணத்துக்குக் கணக்கு எழுதியவர். அவர் சாகும்போது தியேட்டரில் யாரும் கண்ணைத் துடைத்துக்கொள்வதில்லை. கூலிக்காரப் பையன்களுக்கு என்ன ஆகுமோ என்றுதான் எல்லாருக்கும் கவலை.

எங்கள் பர்கூர்ப் பகுதியில் இந்தச் சூத்திரத்துக்கு ஒரு பரீட்சை வந்தது. 2024 ஆகஸ்ட் மாதம், பள்ளிக்கூடம் ஒன்றில் என்.சி.சி. முகாம் என்று போலியாக நடத்தி, அங்கே தங்கியிருந்த மாணவிகளிடம் பாலியல் கொடுமை செய்ததாக வழக்கு வந்தது. முக்கியமான ஆள் என்று குற்றம் சாட்டப்பட்டவர் ஆகஸ்ட் 19ஆம் தேதி பிடிபட்டார். தப்பியோட முயன்று காலை முறித்துக்கொண்டார் என்றது போலீஸ். கைதாவதற்கு முன்பே எலி மருந்தைத் தின்றிருந்தார் என்றும் சொன்னார்கள். 23ஆம் தேதி சேலம் அரசு ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். ஏறக்குறைய அதே நேரத்தில் அவருடைய தகப்பனாரும் வண்டியிலிருந்து விழுந்து இறந்தார். சென்னை உயர் நீதிமன்றம் இரண்டு மரணங்களைப் பற்றியும் அறிக்கை கேட்டது.

இந்த ஆளைப்பற்றி எழுதும்போது 'அவன்' என்றுதான் கை எழுதப் பார்க்கிறது. ஊரில் எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள். 'நல்லதாப் போச்சு, சனியன் விட்டுது' என்றவர்களும் உண்டு. பெண் பிள்ளையைப் பெற்றவர்கள் அப்படிச் சொன்னதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? ஆனால் மரணப் பதிவில் அவர் என்று எழுத வேண்டும். அந்த மரியாதை அவர் செய்ததாகச் சொல்லப்படும் காரியத்துக்குத் தருகிற மரியாதையாகாது. சர்க்காரின் கையில் இருந்த ஓர் உயிர் என்ற ஒரே காரணத்துக்காகத் தருவது.

போலீஸ் சொன்னது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு சொல்லும் உண்மையாகவே இருக்கலாம். மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்தவன் விஷம் தின்பதும், துரத்தும்போது விழுந்து காலை முறித்துக்கொள்வதும் உலகத்தில் நடக்கிற காரியங்கள்தான். சங்கடம் என்னவென்றால், அந்த உண்மை வந்து சேர்ந்தது பழைய பொய்களின் உடுப்பைப் போட்டுக்கொண்டு. தப்பியோட முயன்றார், தானே தின்றார். முன்பு எத்தனையோ பேருக்கு எழுதின அதே தன்வினை. அதனால் அனுதாபமே இல்லாதவர்கள்கூட 'முடிச்சுட்டாங்க' என்று கண்ணைச் சிமிட்டினார்கள். எத்தனை மணிக்கு எங்கே பிடிபட்டார், விஷம் என்று முதலில் யார் எப்போது கண்டுபிடித்தார், எந்த டாக்டர் எத்தனை மணிக்குப் பார்த்தார், எந்த ஆஸ்பத்திரியிலிருந்து எந்த ஆஸ்பத்திரிக்கு எப்போது மாற்றினார்கள் என்று மணிக்கணக்காக எழுதிய ஒரு பக்கத்தைப் போலீஸ் அல்லாத ஒருவர் கையெழுத்திட்டு அன்றே வெளியிட்டிருந்தால் அந்தச் சிமிட்டலுக்கு இடமில்லை.

இதில் உண்மையான நஷ்டம் யாருக்கு என்பதை வாசகர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். செத்தவர்மேல் வழக்கு நடக்காது; அவரைப் பொறுத்தவரை வழக்கு அத்தோடு முடிந்துபோகிறது. அவர் கூண்டில் நின்று பதில் சொல்ல வேண்டிய கேள்விகள், வேறு எந்த ஊரில் இப்படி நடந்தது, யாருக்குத் தெரிந்திருந்தது, யார் வாயை மூடிக்கொண்டார்கள் என்பவை, அவரோடு போய்விட்டன. மற்றவர்கள்மேல் வழக்கு இருக்கலாம். முதல் சாட்சியமாக வந்திருக்க வேண்டிய வாய் இல்லை. அந்தப் பெண் குழந்தைகளுக்குத் தீர்ப்பில் கிடைக்க வேண்டியதில் ஒரு பங்கை அந்த மரணம் எடுத்துக்கொண்டது. குற்றவாளி காவலில் செத்தால் கணக்குத் தீர்ந்தது என்கிற சூத்திரம் குழந்தைகள் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தப்பாகத்தான் முடிகிறது.

எங்கள் பக்கத்துக்கு இன்னொரு விசேஷம் உண்டு. பர்கூரிலிருந்து ஒரு பக்கம் போனால் ஆந்திரம். கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டினால் கர்நாடகம். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் ஒரே பஸ்ஸில் கேட்கும். கிரானைட் பட்டறைகளிலும் சிப்காட் தொழிற்சாலைகளிலும் வேலைக்கு வந்த ஒடியாக்காரர்களும் பீகார்க்காரர்களும் இப்போது அந்தப் பஸ்ஸில் ஏறுகிறார்கள். 2023 ஜூனில் எங்கள் மாவட்டத்துப் புளியாண்டப்பட்டியிலிருந்து குறவர் குடும்பத்தாரை ஆந்திரத்துச் சித்தூர் போலீசார் பிடித்துப் போய்ச் சித்திரவதை செய்தார்கள் என்ற புகார் எழுந்தது. அங்கே ஓர் உயிர் போயிருந்தால் அது எந்த மாநிலத்துக் கட்டத்தில் ஏறியிருக்கும்? ராஜாக்கண்ணுவுக்கு ஒரு மாவட்ட எல்லை போதுமாயிருந்தது. இங்கே மூன்று ராஜ்யங்களின் எல்லை. நாளைக்கு ஒரு பட்டறைக் கூலி இங்கே ஸ்டேஷனில் இறந்தால், ஒடிசாவில் இருக்கிற அவன் தாய்க்கு யார், எந்தப் பாஷையில், எத்தனை மணிக்குள் சொல்வார்கள்? பிரேதப் பரிசோதனைச் சான்றிதழ் இங்கிலீஷில் இருக்கும். தமிழ்த் தாய்க்கே அதைப் படிக்க ஓர் ஆள் தேட வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. காவலில் ஒருவர் இயற்கைக்கு மாறாக இறந்தால் சாதாரண ஜனங்களிலிருந்து ஏழு முதல் பதினொரு பேரை ஜூரியாக உட்காரவைத்து விசாரிக்கிறார்கள். விபத்து, தற்கொலை என்று ஒரு சொல்லில் முடித்துவிடாமல், எப்படி, எந்தச் சூழ்நிலையில் இறந்தார் என்பதை அவர்கள் ஒரு சிறு வரலாறாகவே எழுதித் தரலாம். 2004இல் அந்த நாட்டு உச்ச மன்றம் இதை வற்புறுத்திச் சொன்னது. அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்பதைப் பூட்டின் சாவியை வைத்திருந்தவனிடம் விடக்கூடாது என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

நம் சர்க்கார் இதற்கென்று மானியம் ஒதுக்கினால், அதை எங்கே செலவிட வேண்டும் என்று கேட்டால் என் அபிப்பிராயம் இது. முதலாவதாக, மரணம் குறைந்தது என்பதற்குப் பரிசு கொடுக்கக் கூடாது. கொடுத்தால் மரணம் குறையாது, பதிவுதான் குறையும். சாகும் தறுவாயில் ஜாமீனில் விட்டுவிட்டு, எங்கள் காவலில் சாகவில்லை என்பார்கள். கட்டங்கள் முழுதாக, நேரத்தோடு, சாட்சியோடு நிரம்பியிருக்கின்றனவா என்பதற்குத்தான் பணம். இரண்டாவதாக, அந்தப் பணத்தில் காமிராவுக்கு முன்னால் ஆட்களை வாங்க வேண்டும். பிரேதப் பரிசோதனை தெரிந்த டாக்டர்கள் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் போதுமான பேர். விசாரிக்கிற மாஜிஸ்திரேட்டுக்கு வண்டியும் எழுத்தரும். சாட்சி சொன்ன போலீஸ்காரிக்குப் பாதுகாப்பு. அறிக்கையை இறந்தவரின் குடும்பத்துப் பாஷையில் எழுதித்தர ஒரு மொழிபெயர்ப்பாளர். மூன்றாவதாக, இரண்டு புஸ்தகங்களையும் வருஷத்துக்கு ஒரு தரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத பெயர்களை வெளியிட வேண்டும். எங்கள் ஊர் ஜவுளிக் கடையில் ஒரு குமாஸ்தா செய்துவிடுகிற வேலை இது.

இதெல்லாம் வந்துவிட்டால் காவல் மரணம் நின்றுவிடுமா என்று கேட்டால், நின்றுவிடாது. சித்திரவதைக்கு எதிரான சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்துப் போட்டது. இன்னும் அதை உறுதிசெய்யவில்லை. 2010இல் லோக்சபையில் நிறைவேறிய சித்திரவதைத் தடுப்பு மசோதா சட்டமாகாமலே போயிற்று. அவையெல்லாம் பெரிய காரியங்கள். நான் கேட்கிறது சின்னக் காரியம். ஒரு கட்டத்தை உண்மையான ஒரு வாக்கியத்தால் நிரப்புகிற காரியம். அடிக்கிற கை, நாளைக்கு இதை யாரோ ஒருவர் தன் பெயர்போட்டு எழுதப்போகிறார் என்று தெரிந்தால், ஒரு நிமிஷமாவது தயங்கும். அந்த ஒரு நிமிஷத்தில் பிழைத்துப்போகிற உயிர்கள் உண்டு.

வருஷாவருஷம் அட்டவணை வெளியாகும்போது பத்திரிகைகள் எண்ணைப் பெரிய எழுத்தில் போடுகின்றன. கூடிற்றா குறைந்ததா என்று பார்த்துவிட்டு நாம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். கதை படிக்கத் தெரிந்தவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அடுத்த தடவை எண்ணோடு நிறுத்திக்கொள்ளாமல் காரணம் என்ற கட்டத்தையும் படியுங்கள். அதில் வருகிற வினையைச் செய்தவர் யார் என்று கேளுங்கள். இறந்தவர் நல்லவரா கெட்டவரா என்று மட்டும் அந்த இடத்தில் கேட்காதீர்கள்.